ஏறின கியர்

கார் டாஷ்போர்டில் ஒரு சின்னப் படம் உண்டு. பின்னாலிருந்து பார்த்த கார், அதற்குக் கீழே பாம்பு ஊர்ந்துபோன மாதிரி இரண்டு தடம். வண்டியை ஆன் செய்ததும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து மஞ்சளாக எரிந்து, இரண்டு மூன்று நொடியில் அணைந்துவிடும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்த ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பையன்களிடம் இந்தப் படத்தை போர்டில் வரைந்து, இது என்னடா என்று கேட்பேன். "வழுக்காம பிரேக் புடிக்கும் சார்" என்பதுதான் அதிகம் வரும் பதில். தப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஷோரூமில் கார் விற்கிறவர்களே இப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். பையன்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் வண்டியை நிறுத்துவதற்காக வந்த சாதனம் அல்ல, நகர்த்துவதற்காக வந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம், ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இருக்கிறது, மறுபக்கம் தார் ரோட்டில். டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்கு ஒரு குணம்: இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். சேற்றில் நிற்கும் சக்கரம் எதிர்ப்பே இல்லாமல் சுழல்வதால், தார் ரோட்டில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப முறுக்குதான் கிடைக்கும். வண்டி நகராது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கிற சென்சார் இதைப் பார்த்துவிட்டு, சும்மா சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் லேசாகக் கவ்வும். இஞ்சினின் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். கவ்வப்பட்ட சக்கரத்தில் எதிர்ப்பு வந்ததும் மறுபக்கச் சக்கரத்துக்கும் முறுக்கு கிடைக்கும். வண்டி நகரும். அந்த நேரத்தில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். சிமிட்டினால் வேலை செய்கிறது என்று பொருள். அணையாமல் நிலையாக எரிந்தால், அணைத்து வைத்திருக்கிறோம் அல்லது பழுதாகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அது கவ்வுவது எதைக்கொண்டு என்பதை. அதற்கென்று தனியாக ஒரு பிரேக் கிடையாது. நம் கால் மிதிக்கிற அதே பேட், அதே டிஸ்க், அதே பிரேக் ஆயில். 1978-ல் பென்ஸ் எஸ்-கிளாஸ் காரில் போஷ் கம்பெனியின் ஏபிஎஸ் வந்தது. எண்பதுகளின் பிற்பாதியில் அதே வால்வுப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கற்றுக்கொடுத்து டிராக்‌ஷன் கண்ட்ரோல் வந்தது. 1995-ல் இன்னும் சில சென்சார்கள் சேர்ந்து, திருப்பத்தில் வண்டி சுழன்று போகாமல் பார்த்துக்கொள்ளும் இஎஸ்பி வந்தது. மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். நம் நாட்டில் 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது.

அந்தப் படம் போட்ட ஒரு பொத்தானும் பல கார்களில் உண்டு. அதை எப்போது அமுக்குவது என்பதற்கு நான் சொல்லும் உதாரணம் மோகனூர் காவிரி. ஆடிப்பெருக்குக்குப் போகிற யாராவது ஒருவர் ஆற்றோர மணலில் காரை இறக்கிவிடுவார். நான்கு பக்கமும் மணல் என்றால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் உதவாது, கெடுக்கும். சக்கரம் சுழன்று மணலைத் தள்ளி வெளியே வர வேண்டிய இடத்தில், சுழல்கிறதே என்று இஞ்சினை அமுக்கிவிடும். அங்கே பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டாவது கியரில் மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுக்க வேண்டும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினால் இன்னும் நல்லது. தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை நிரப்பி, பொத்தானையும் மறுபடி போட்டுவிட வேண்டும். மற்றபடி மழை, சரளை, மேடு என்று சாதாரணமாக ஓட்டும்போது அதை அணைக்க ஒரு காரணமும் கிடையாது. சினிமாவில் வருகிற மாதிரி டயர் புகைய ஓட்டிக் காட்டுவது ஒரு காரணம் அல்ல.

டிராக்‌ஷன் கண்ட்ரோலின் கதை இவ்வளவுதான். இறக்கத்தில் பிரேக் சூடாவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிரேக் அதிகம் சூடாகிவிட்டதாகக் கணக்குப் போட்டால், சக்கரத்தைக் கவ்வுகிற வேலையைத் தானே நிறுத்திக்கொள்ளும் வண்டிகளும் உண்டு.

இறக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தது பாடப்புத்தகம் அல்ல, அப்பா. நாமக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் லாரி டிரைவர் இருந்தார். அப்பா முப்பத்தொரு வருடம் ஓட்டினார். பெங்களூர் போகிற வழியில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாய். திரும்பி வரும்போது அது இறக்கம். டிரைவர்கள் அந்த இடம் வந்ததும் நியூட்ரலில் விடுவார்கள். டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு. மிச்சம் பிடித்தால் அந்தக் காசு டிரைவருக்கு. நியூட்ரலில் விடாதீர்கள் என்று போர்டு வைத்தும் விடுகிறவர்கள் விட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, இன்றைய வண்டிகளில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமே ஆகாது. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இஞ்சினை ஓட்டுவது சக்கரம்தான். கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் இஞ்சின் அணையாமல் இருப்பதற்காகவே கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று செலவழிக்கிறார்கள், கூடவே தடுக்கிற கை ஒன்றையும் கழற்றிவிடுகிறார்கள்.

அப்பாவோடு ஒரே முதலாளியிடம் ஓட்டிய ஒருவரை நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம். வெங்காய லோடோடு தொப்பூரில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. மலைப்பக்கம் ஒடித்து மோதினார். அவருக்கு ஒரு கால் போனது. கிளீனர் பையன் அங்கேயே முடிந்துவிட்டான், பத்தொன்பது வயசு. பேப்பரில் 'பிரேக் பழுதால் விபத்து' என்று போட்டிருந்தார்கள். அப்பா அதை மடித்து வைத்துவிட்டு, "பிரேக்கு என்ன பழுதாச்சு? நாலு ஆளு செய்யற வேலைய ஒருத்தன் தலையில கட்டுனா அவன் எத்தன நேரம் தாங்குவான்?" என்றார். எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு. அது புரிய எனக்கு டிப்ளமோ வரை ஆனது.

டிரம் பிரேக் சூடானால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும். மிதி இன்னும் உள்ளே போக வேண்டும். லைனரில் இருக்கும் பசை சூட்டில் இளகி வாயுவாகி, பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். லாரியில் காற்று பிரேக் என்பதால், விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் டேங்கில் காற்றும் தீரும். அப்பா தலைமுறை டிரைவர்கள் இதையெல்லாம் ஒரே வரியில் வைத்திருந்தார்கள்: ஏறின கியரிலேயே இறங்கு. மூன்றாவது கியரில் ஏறிய மலையை மூன்றாவது கியரில் இறங்கினால், இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிரேக் வளைவுக்கு மட்டும்.

இரண்டு வருடம் முன்பு தை மாதத்தில் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். அக்கா வீட்டுக்காரரின் ஏழு சீட் வண்டி, ஆட்டோமேட்டிக், வாங்கி நான்கு வருடம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, சோளக்காட்டில் மிளகும் மலை வாழையும் வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு மேல் இறங்க ஆரம்பித்தோம். மாமா ஓட்டினார், பக்கத்தில் அப்பா. நடுவில் அம்மாவும் அக்காவும் சின்னவளும். பெரியவன் கடைசி சீட்டில் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அந்த மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி அடிவாரம் வரை ஏறத்தாழ 1000 மீட்டர் இறக்கம். ஏழு பேரோடு அந்த வண்டி 1600 கிலோ இருக்கும். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியை முழுக்கச் சூடாக்கினால், சாதாரணத் தண்ணீர் 50 லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று. அதில் ஒரு பங்கை இஞ்சின் வாங்கிக்கொள்ளும், கொஞ்சத்தைக் காற்றும் டயரும். டி-யில் போட்டு ஓட்டினால் கியர் மேலே மேலே போய்விடும், இஞ்சின் வாங்கிக்கொள்வது கொஞ்சம்தான். மிச்சம் முழுக்க நாலு சக்கரத்தில்.

மாமா நல்ல டிரைவர்தான். வேகமே போகவில்லை. அதுதான் பிரச்சினை: மெதுவாகப் போகப் பிரேக் மேலேயே காலை வைத்திருந்தார். இருபது வளைவுக்குப் பிறகு கருகல் வாசம் வந்தது. அம்மா, யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றாள். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "பயமில்ல மாப்ள, இதுல இஎஸ்பி, டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லாம் இருக்குது. அதுவே பாத்துக்கும்" என்றார். நான், கியரை மேனுவலுக்கு மாத்துங்க மாமா என்று பின்னாலிருந்து சொன்னேன். அடுத்த வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறி வந்ததில் என் பேச்சு அவர் காதில் ஏறவில்லை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எங்கள் பக்கம் நடக்கிற காரியமில்லை. பொண்ணு கொடுத்த வீட்டார் குரலை உயர்த்த மாட்டார்கள். இன்னும் இரண்டு வளைவு போனதும், "மாப்ள, எனக்கு ஒண்ணுக்கு வருதுங்க. ஒடம்புக்கு முடியலைங்க, ஒடனே கொஞ்சம் ஓரங்கட்டுங்க" என்றார். மாமா உடனே அகலமான ஒரு திருப்பத்தில் ஒதுக்கி நிறுத்தினார்.

அப்பா இறங்கி மரத்துப் பக்கமெல்லாம் போகவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, புறங்கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. அப்புறம் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில், "அவரு முட்டி நீண்டுட்டே போச்சு கண்ணு, பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை, பின் சீட்டில் இருந்து தெரியாது. மிதி ஆழமாகப் போகப் போக ஓட்டுகிறவரின் முழங்கால் நீள்வதை அவர் பக்கத்து சீட்டில் இருந்து அளந்துகொண்டு வந்திருக்கிறார். "நீ படிச்சவன், நீ சொன்னா அவரு ஒத்துக்குவாரு. சொல்லு."

மாமா தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார். அதற்கு மட்டும் அப்பா மரியாதை பார்க்கவில்லை, "ஊத்தாதீங்க!" என்று கத்திவிட்டார். கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் கோணும், வெடித்தாலும் வெடிக்கும். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை பி-யில் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு கல் அண்டை கொடுத்தோம். சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவைத்தால் பேடோ ஷூவோ ஒட்டிக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம் வாழைப்பழம் தின்றோம். மாமா ஏறி மிதித்துப் பார்த்தபோது மிதி பழைய உயரத்துக்கு வந்திருந்தது. "முன்ன பஞ்சு மாதிரி இருந்துச்சு மாப்ள" என்று அப்போதுதான் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. மீதியை மேனுவலில் இரண்டாவது கியரில், வளைவில் ஒன்றாவதில் இறக்கினார். வளைவுக்கு முன்னால் நன்றாக ஒரு மிதி, அப்புறம் காலை முழுசாக எடுத்துவிடுவது. இஞ்சின் இரைந்தது, அக்காவுக்குத்தான் அது பயமாக இருந்தது.

நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரிந்த பாடம், அதனால் அன்று இரவு தூங்க முடியவில்லை. பேட் சூடானது பாதிதான். பஞ்சு மாதிரி இருந்ததற்குக் காரணம் ஆயில்.

பிரேக் ஆயில் என்பது எண்ணெயே அல்ல; கிளைக்கால் வகை ரசாயனம். காற்றிலிருக்கும் ஈரத்தை, ரப்பர் குழாய் வழியாகக்கூட, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் எதிர்பார்ப்பு 155-க்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. மலை இறக்கத்தில் காலிப்பரின் சூடு அந்த அளவை எட்டிவிட முடியும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. திரவத்தை அமுக்கினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அமுக்கினால் ஆவிதான் சுருங்கும். கால் தரை வரை போகும், வண்டி தன் பாட்டுக்குப் போகும். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல், இஎஸ்பி மூன்றுக்கும் அந்த ஆயில்தான் கை. ஆயிலுக்கு எத்தனை வயசு என்று எந்த மஞ்சள் விளக்கும் சொல்லாது.

மாமா ஒரு சர்வீஸ் கூடத் தவறவிடாதவர். பில் எல்லாம் கோப்பில் வைத்திருந்தார். உட்கார்ந்து பார்த்தோம். நான்கு வருடப் பில்லிலும் 'பிரேக் ஆயில் செக், டாப் அப்' என்று இருந்தது. மாற்றியதாக ஒரு இடத்திலும் இல்லை. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கேட்டதற்கு அந்த சர்வீஸ் சென்டரில், "கஸ்டமர் கேட்டாத்தான் சார் மாத்துவோம்" என்றார்களாம். கேட்பதற்கு அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டுமே. கார் கழுவி, வாசனைத் திரவியம் அடித்து, கம்பளம் விரித்துக் கொடுப்பதை எல்லாம் யாரும் கேட்காமலே செய்கிறார்கள். லிட்டர் சில நூறு ரூபாய் பெறுகிற ஒரு ஆயிலை மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

டாப் அப் என்ற பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட் தேயத் தேய காலிப்பருக்குள் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால் டப்பாவில் மட்டம் இறங்கினால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும், இல்லையேல் எங்காவது ஒழுகுகிறதா என்று. ஊற்றி நிரப்பினால் அந்தத் தகவலை அழித்துவிடுகிறோம். பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். மிதிக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் விடாமல் வந்தால், தேய்மானத்தைச் சொல்லவென்றே வைத்த தகடாக இருக்கலாம். பாட்டை சத்தமாக வைத்து மறைக்கக் கூடாது. இஞ்சின் ஓடாதபோது மிதியை நாலைந்து முறை அடித்து, கெட்டியானதும் அமுக்கிப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால், மிதி லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் நலம். சிவப்பு பிரேக் விளக்கு, ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு என்றால் சாதாரண பிரேக் இருக்கும், மெதுவாக மெக்கானிக்கிடம் போய்விடலாம். இவ்வளவும் இருந்து டயர் மொட்டையாக இருந்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ரோட்டைத் தொடுவது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் நானே ஆயில் மாற்றினேன். மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். வண்டியின் கையேட்டில் போட்டிருந்த அதே டாட் 4, சீல் பிரிக்காத டப்பா. பாதி தீர்ந்து மூலையில் கிடக்கும் டப்பா ஆகாது, அதுவும் ஈரம் குடித்திருக்கும். பெயிண்டில் பட்டால் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் பழைய வேட்டியைச் சுற்றிலும் விரித்தோம்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து பழைய ஆயிலைக் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு விட்டு, மூடிவிட வேண்டும். மூடின பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்றை உறிஞ்சிவிடும். காற்று ஏபிஎஸ் வால்வுப் பெட்டிக்குள் போய்விட்டால், ஸ்கேனர் வைத்து வால்வுகளைத் திறந்து மூடினால்தான் பல வண்டிகளில் வெளியே வரும். பழைய ஆயிலின் ஈரத்தால் அந்தப் பெட்டி உள்ளே துருப்பிடித்தால் ஒரு மாதச் சம்பளம் போதாது. மிதியைத் தரை வரை அமுக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழியலாம் என்று மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தேன்.

மாமா டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்து ஊற்றுகிறேன் என்றார். மிதிக்க யார் என்று தேடும்போது, அப்பா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். கண்ணில் புரை வந்து ஸ்டியரிங்கைத் தொட்டு அவருக்கு ஆறு வருடம் ஆகியிருந்தது. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்தேன். முதலில் வந்த ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. மாமா குனிந்து பாட்டிலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"புடிங்கப்பா."

"புடிச்சாச்சு."

திறந்தேன், ஓடியது, மூடினேன். "விடுங்க."

இருபது முறைக்கு மேல் இப்படியே. நிறம் மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. ஒருமுறை நிப்பிளை மூடிவிட்டு, ஸ்பேனர் நழுவியதில் சொல்ல மறந்து கீழே தேடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது காலை அமுக்கியபடி, நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

"விட்டுருங்கப்பா, மூடியாச்சு."

"நீ சொல்லலியே" என்றார்.

அதற்கடுத்து முன் சக்கரங்கள் இரண்டு பாக்கி இருந்தன. மாமா, நான் மிதிக்கிறேனுங்க மாமா, நீங்க எறங்குங்க என்று கதவைத் திறந்தார். அப்பா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.